வடகடலுக்குக் குடும்பத்தோடு கப்பலில்: டர்பனிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

டர்பனில் கப்பல் பயணம் என்று சொன்னால் எல்லோருக்கும் மொசாம்பிக்தான் ஞாபகம் வரும். துறைமுகத்தில் ஏறி, மூன்று நாலு நாள் போமேனேயோ போர்த்துகீசியத் தீவோ போய், மணலில் பிள்ளைகளை விளையாட விட்டு, நீச்சல் குளத்தருகே படுத்துவிட்டு வருவது. நாங்களும் இரண்டு தடவை அப்படிப் போனவர்கள்தான். அந்த நினைப்போடேயே நார்வேக்குக் கிளம்பினால் பாதிப் பயணம் வீணாகிவிடும். மொசாம்பிக் பயணத்தில் கப்பலுக்குள்ளே இருப்பதுதான் கொண்டாட்டம். வடக்கே பார்க்க வேண்டியது எல்லாம் கப்பலுக்கு வெளியே, அதுவும் விடியற்காலை நாலு மணிக்கோ இரவு பதினொன்றுக்கோ, குளிர்காற்றில், மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் குடும்பம் முழுவதும் நன்றாக உடுத்திக்கொண்டு, வயிற்றில் ஏதாவது சூடாக இறங்கி, தூக்கக் கலக்கம் இல்லாமல் வெளியே நிற்க முடிகிறதா? விசா, துணிமணி, அறை என்று கீழே எழுதியிருப்பது எல்லாம் அதற்காகத்தான்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், பதினொரு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண், எழுபத்திரண்டு வயது அத்தை. அத்தை என் மாமியார், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலேயே வளர்ந்தவர், பிள்ளைகளுக்கு ஆயா, அதாவது பாட்டி. ஹாம்பர்க்கில் ஏறி, நார்வே கரையோரமாக, அதன் வடக்கு ஓரத்தில் இருக்கும் நார்த் கேப் பாறை வரை போய்த் திரும்பும் 12 இரவுப் பயணம்.

எப்போது, எங்கிருந்து

நம் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை ஜூன் கடைசியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை வருகிறது. இது நமக்கு உண்மையிலேயே அதிர்ஷ்டம். வடக்கே அதுதான் உச்சக் கோடை. நார்த் கேப்பில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை, கொஞ்சம் தெற்கே உள்ள ட்ரொம்சோ ஊரில் மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கில் முடிகிறது. விடுமுறை கிடைத்த முதல் வாரமே கிளம்பிவிட்டால் நள்ளிரவுச் சூரியன் கையில் இருக்கிறது, ஆனால் அதை மேகம் மறைக்காமல் இருப்பது உங்கள் கையிலும் இல்லை, கப்டன் கையிலும் இல்லை.

இன்னொரு நல்ல விஷயம், கோடையில் நார்வே, ஜெர்மனி கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று. ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அமெரிக்கா பக்கம் போய் மூன்று நாள் தூக்கம் கெட்டு அலைகிற கதை இங்கே கிடையாது. அலாஸ்காவா நார்வேயா என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. டர்பனிலிருந்து துபாய் போய் அங்கிருந்து ஹாம்பர்க் போனால் ஒரு பகலும் இரவும்தான், அலாஸ்கா என்றால் சியாட்டிலோ வான்கூவரோ போய்ச் சேரவே அத்தையின் முழங்கால் போய்விடும். தவிர அலாஸ்காக் கப்பல்கள் அமெரிக்கா, கனடா இரண்டையும் தொடுவதால் இரண்டு விசா வேண்டும்.

நாட்கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். விளம்பரத்தில் வரும் 7 இரவுப் பயணங்கள் பெரும்பாலும் தெற்கு ஃபியோர்டுகளோடு, அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல் கைகளோடு, திரும்பிவிடும். பெர்கன், ஃப்ளாம், கெய்ராங்கர், அவ்வளவுதான். அதுவும் அழகுதான், ஆனால் அங்கே சூரியன் மறையும், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்ட மாட்டீர்கள். நள்ளிரவுச் சூரியன் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு இரவாவது வேண்டும்.

விசா: இதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள்

நான் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். நமக்கு நார்வேக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) வேண்டும், பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். எங்களுக்கு முதலில் பயணம் ஏற்பாடு செய்த முகவர், விலை குறைவு என்று சவுத்தாம்ப்டனில் கிளம்பும் கப்பலைப் போட்டுக் கொடுத்தார். ஐந்து பேருக்கும் பிரிட்டன் விசா, ஷெங்கன் விசா இரண்டும் எடுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவே இல்லை. முன்பணம் கட்டிய பிறகு நாங்களே கண்டுபிடித்து, மாற்றி, மாற்றியதற்குக் கொஞ்சம் பணமும் இழந்து, ஹாம்பர்க்குக்கு வந்தோம். ஹாம்பர்க், கீல், கோபன்ஹேகன் இப்படி ஷெங்கன் ஊரிலேயே ஏறி அங்கேயே இறங்கினால் ஒரே விசா போதும்.

ஆனால் ஏறும் ஊரை மட்டும் பார்த்தால் போதாது, நடுவில் நிற்கும் ஊர்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். லெர்விக், கிர்க்வால், இன்வர்கார்டன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்காட்லாந்து, அதாவது பிரிட்டன். ஃபாரோ தீவுகள் டென்மார்க்குக்கு உட்பட்டவை என்றாலும் ஷெங்கனுக்குள் இல்லை, விசாவிலேயே ஃபாரோவுக்குச் செல்லும் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஸ்வால்பார்ட் நார்வேயின் தீவு, ஆனால் அதுவும் ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போய்த் திரும்பினால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைவதாகக் கணக்கு, ஆகவே ஒருமுறை நுழைவு விசா போதாது. ஐஸ்லாந்து மட்டும் பிரச்சினை இல்லை, அது ஷெங்கனுக்குள்தான்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும் என்பது விதி. விதியை நம்பி உட்காராதீர்கள். ஜூன், ஜூலைப் பயணத்துக்கு நேர்காணல் தேதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், பிப்ரவரி, மார்ச்சிலேயே இடம் பிடித்துவிடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஜெர்மனியில் ஏறினாலும் துறைமுகங்கள் எல்லாம் நார்வேயில் என்றால் நார்வேயிடம்தான். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்கு 45, ஆறு நிறையாத குழந்தைகளுக்கு இலவசம். இதற்கு மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் பெயர் இருவருடையதும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதத்தைப் பிரமாணப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தம்போ விமான நிலையம் வரை போய் இதற்காகத் திரும்பி வந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

குளிருக்கு என்ன உடுத்துவது

டர்பனில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் டிராக்கன்ஸ்பெர்க் மலைதான். அந்த அனுபவம் இங்கே கொஞ்சம்தான் உதவும். தெர்மாமீட்டரைப் பார்த்தால் பயமாக இருக்காது. பெர்கனில் ஜூலைப் பகல் 17, 18 டிகிரி வரும், ஃபியோர்டின் உள்ளே வெயில் அடித்தால் 20ஐத் தாண்டும், நார்த் கேப் பக்கம் 8 முதல் 12 வரை இருக்கும். ஆனால் கப்பல் 18, 20 நாட் வேகத்தில் போகிறது. அதாவது காற்றே வீசாத நாளிலும் மேல்தளத்தில் மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். குளிர் உங்களைப் பிடிப்பது அங்கேதான், ஊருக்குள் இல்லை.

ஒரே தடிமனான கோட்டு வாங்குவதில் பணத்தைப் போடாதீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டிய கம்பளித் தெர்மல், அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் நுழையாத மெல்லிய ஜாக்கெட். மூன்று அடுக்கு. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். என் பையன் முதல் நாள் பிடிவாதமாகப் பருத்தி ஹூடி போட்டுக்கொண்டு தளத்துக்கு வந்தான், தூறலில் நனைந்து கால் மணி நேரத்தில் உதடு நீலமாகிவிட்டது, அன்றைக்கு அவன் ஃபியோர்டைப் பார்க்கவே இல்லை. தலைக்குப் பீனிக் குல்லா, கழுத்துக்குப் பஃப் என்ற துணி வளையம், கைக்கு உறை. பிள்ளைகளுக்குக் கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நிச்சயம் கடலுக்குப் போகும். கீழே மழைக்கால்சட்டை ஒன்று இருக்கட்டும், பெர்கனில் வருடத்துக்கு 200 நாளுக்கு மேல் மழை பெய்கிறது. குடை கொண்டுபோய்ப் பிரயோஜனம் இல்லை, காற்று உடைத்துவிடும்.

கேப் யூனியன் மார்ட்டிலும் டெக்கத்லானிலும் எல்லாம் கிடைக்கும், நமக்கும் அது குளிர்காலமாக இருப்பதால் மே மாதமே கடைக்கு வந்துவிடும். நார்வேயில் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு காப்பி விலையைப் பார்த்து அத்தை கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

அத்தைக்குச் சேலைதான் பழக்கம். சேலைக்குள் தெர்மல் கால்சட்டை, கம்பளிக் காலுறை, மேலே நீளமான மழைக்கோட்டு. இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் காலுக்கு ரப்பர் அடி உள்ள பிடிமானமான ஷூ கட்டாயம், தளம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். செருப்பை அறையோடு நிறுத்திவிடுங்கள்.

அறை, அலை, வயிறு

பால்கனி அறை விலை அதிகம். மொசாம்பிக் போகும்போது அது வெறும் ஆடம்பரம், இங்கே பிரயோஜனம் இருக்கிறது, ஏனென்றால் விடியற்காலையில் தூங்கும் பிள்ளையை எழுப்பிப் போர்வையோடு வெளியே நிறுத்தலாம். ஆனால் பணம் இடிக்கிறது என்றால் உள்ளறையே எடுங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஜன்னல் இல்லாத உள்ளறையில்தான் ராத்திரி ராத்திரியாக இருக்கும். நாங்கள் பிள்ளைகளோடு பால்கனி அறையில், அத்தை எதிரே உள்ளறையில். மூன்றாம் நாளிலிருந்து பெண் ஆயாவோடுதான் தூங்கினாள், எங்கள் அறையில் திரைச்சீலை ஓரத்தில் இரவெல்லாம் வெளிச்சம் கோடு போட்டுக்கொண்டிருந்தது. திரையைச் சேர்த்துப் பிடிக்க நாலு துணிக் கிளிப் கொண்டுபோங்கள். கண்ணை மூடும் பட்டையும்.

ஃபியோர்டுக்குள் கப்பல் ஏரியில் போவது போல ஆடாமல் போகும். திறந்த கடலில் அப்படி இல்லை. வட கடலைக் கடக்கும் நாள், ஸ்டாட் என்ற முனையைச் சுற்றும் சில மணி நேரம், நார்த் கேப்பைச் சுற்றிய பேரன்ட்ஸ் கடல், இந்த மூன்று இடத்தில் வயிறு புரளலாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. மருந்தைக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடமோ மருந்தகத்திலோ கேட்டு வாங்கி வையுங்கள், குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு வேறு, அலை வந்த பிறகு விழுங்கினால் நிற்காது. சுக்கு, பனங்கற்கண்டு இரண்டையும் பொடித்து ஒரு டப்பாவில் கொண்டுபோனோம், வெந்நீரில் போட்டுக் குடித்தது அத்தைக்கு மட்டுமில்லை, பக்கத்து அறை ஜெர்மன் பாட்டிக்கும் பிடித்துப்போனது.

கப்பல் மருத்துவமனை உண்டு, ஆனால் கட்டணம் கையைக் கடிக்கும். நம் ஊர் மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்டு வெளிநாட்டில் எதற்கு எவ்வளவு கொடுக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணத்துக்கும் செல்லுமா என்று கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள், இன்சுலின் எல்லாம் கைப்பையில்தான். ஏறும் நாளில் பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு விடுவார்கள், அது அறைக்கு வந்து சேர இரவாகிவிடும்.

சாப்பாடும் சாமியும்

பில்டாங், அதாவது நம் ஊர் உலர்த்திய இறைச்சி, வேண்டாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதையும் பெட்டியில் வைத்து ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது, நெய்யும் அதில் சேர்ந்ததுதான். ஊறுகாய், பருப்புப் பொடி, வறுத்த அவல் இதெல்லாம் கடையில் கட்டிய பாக்கெட்டாக இருந்தால் தொந்தரவில்லை. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சூடாக்கும் எந்தச் சாதனமும் கப்பலில் ஏற்ற விட மாட்டார்கள். மசாலா டீ போட்டுக்கொள்ளலாம் என்று சின்னக் கெட்டிலை ஒளித்து எடுத்துப் போகாதீர்கள், எக்ஸ்ரேயில் தெரிந்து எடுத்து வைத்துவிடுவார்கள்.

சைவம் என்றால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதுங்கள், 'இந்தியச் சைவம்' என்று தெளிவாக, முட்டை சேர்க்கலாமா கூடாதா என்பதும் சேர்த்து. ஏறிய முதல் நாள் மாலையே சாப்பாட்டுக் கூடப் பொறுப்பாளரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். பல கப்பல்களில் சமையலறையில் நம் நாட்டு ஆட்கள் இருப்பார்கள். எங்கள் மேசைக்கு வந்த பையன் கோவாக்காரர், செவ்வாய், வெள்ளி அத்தை கறி சாப்பிட மாட்டார் என்று ஒரு தடவை சொன்னதோடு சரி, அந்த இரண்டு நாளும் தனியாகப் பருப்பும் சோறும் வந்தது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பஃபேயில் குழம்பு, சூப் எதையும் கேட்காமல் எடுக்காதீர்கள், மாட்டெலும்பு வேகவைத்த சாறு பல சூப்புக்கு அடிப்படை.

விளக்கு விஷயம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உங்களுக்கும் வரும். கப்பலில் எந்தத் தீயும் கூடாது. அகல் விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எதையும் அறையில் கொளுத்த முடியாது, கடலில் தீ என்பது விளையாட்டில்லை, இதில் யாரிடமும் கெஞ்சக் கூடாது. அத்தை அறுபது வருஷமாக ஒரு நாள் தவறாமல் சாயங்காலம் விளக்கேற்றுகிறவர். அதனால் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று வாங்கிப்போனோம். அது சரி, ஆனால் ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் போடோ ஊரைத் தாண்டிய அன்று அத்தை பால்கனிக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "சூரியன் இறங்கவே இல்லையே, எப்போம்மா ஏத்துறது?" என்று கேட்டார். ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி. மூக்குக்கு நேரே வெயில். பிள்ளைகள் சிரிக்கவில்லை, அவர்களும் யோசித்தார்கள். கடைசியில் பையன்தான் சொன்னான், இங்கேயும் டர்பனிலும் ஒரே மணிதானே ஆயா, சித்தி வீட்டில் ஏற்றும்போது நீயும் ஏற்று என்று. ஜூலையில் டர்பனில் ஐந்தேகால் வாக்கில் சூரியன் இறங்கிவிடும். அதன் பிறகு தினமும் ஐந்தரைக்கு சாட்ஸ்வொர்த்தில் என் ஓரகத்தி விளக்கேற்றி வாட்ஸாப்பில் படம் அனுப்புவாள், அந்தப் படம் வந்ததும் அத்தை இங்கே பித்தானை அழுத்தித் திருநீறு பூசிக்கொள்வார். கப்பல் இணையத்துக்குக் கட்டிய பணத்தில் எனக்கு மனநிறைவாக இருந்தது இது ஒன்றுக்குத்தான்.

நம் ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அங்கே நள்ளிரவுச் சூரியன் வடக்கே நிற்கிறது. நார்த் கேப்பில் அது மிகத் தாழ்வாக வருவது பன்னிரண்டே காலைத் தாண்டித்தான், பன்னிரண்டு அடித்ததும் படமெடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். தவிர நம்மிடம் சூரியன் வானத்தில் வலமிருந்து இடமாக நகரும், அங்கே இடமிருந்து வலம். பையனை ஒரு பகல் முழுவதும் இதைக் குறிக்கச் சொல்லி நோட்டுப் புத்தகம் கொடுத்தேன், அவனுக்கு அது எந்த விளையாட்டைவிடவும் பிடித்திருந்தது.

எதை எதிர்பார்க்கலாம், எதைக் கூடாது

வடதுருவ ஒளி பார்க்கலாமா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. முடியாது. கோடையில் வானம் இருட்டுவதே இல்லை, பிறகு எப்படித் தெரியும்? அதற்குக் குளிர்காலத்தில் போக வேண்டும். பனிப்பாறைகள் மிதந்து வருமா? நார்வே கரையில் வராது. அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டிப் போவதால் அவ்வளவு வடக்கே இருந்தும் துறைமுகங்கள் குளிர்காலத்தில்கூட உறைவதில்லை. மலை மேல் பனியாறு பார்க்கலாம், கடலில் பனிக்கட்டி வேண்டுமானால் ஸ்வால்பார்ட் போகிற கப்பலாகப் பாருங்கள். துருவக் கரடியும் அங்கேதான், நார்வேயின் பெருநிலத்தில் இல்லை. கலைமான் நிச்சயம் உண்டு, கப்பல் நிற்கும் ஹொன்னிங்ஸ்வோக் ஊரிலிருந்து நார்த் கேப் போகும் வழியில் நம் ஊர் மாடு மாதிரி ரோட்டை மறித்து நிற்கும்.

எல்லாவற்றிலும் உச்சம் கெய்ராங்கர். 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஃபியோர்டு. திறந்த கடலிலிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் உள்ளே கப்பல் மலைகளுக்கு நடுவே போகிறது, காலை எட்டு மணிக்குக் கரை சேரும் என்று அட்டவணையில் போட்டிருந்தால், நல்ல காட்சி எல்லாம் ஐந்திலிருந்து ஏழரைக்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து வருகிறவர்களுக்கு மிஞ்சுவது பேருந்து நிற்கும் இடம்தான். நாங்கள் நாலரைக்கே எழுந்தோம். முந்தின இரவே துணியை வரிசையாக நாற்காலியில் போட்டு வைத்திருந்தேன், ஃப்ளாஸ்கில் ஹாட் சாக்லேட் நிரப்பி வைத்திருந்தேன். முன்தளத்தில் மொத்தம் இருபது பேர்கூட இல்லை. இரண்டு பக்கமும் கறுத்த பாறைச் சுவர், மேலே ஒட்டிக்கொண்டு ஆள் இல்லாத பழைய பண்ணை வீடுகள், தண்ணீர் அசையவே இல்லை. பிறகு ஒரு திருப்பத்தில் ஏழு அருவி பக்கத்தில் பக்கத்தில் விழுவது தெரிந்தது. ஏழு சகோதரிகள் என்று அதற்குப் பெயர், நேர் எதிர்க்கரையில் விழும் ஒற்றை அருவிக்குப் பெண் கேட்டு வந்தவன் என்று பெயர். அத்தைக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு கன்னிமார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கப்பல் எஞ்சின் சத்தத்துக்கு மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மே முதல் ஜூலை வரை மேலே பனி உருகுவதால்தான் ஏழும் இப்படி விழுகின்றன, கோடை முடிய முடிய இளைத்துவிடுமாம், ஜூலையில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கே சில கப்பல்கள் நங்கூரம் போட்டுச் சிறு படகில் கரைக்குக் கூட்டிப் போவார்கள். சக்கர நாற்காலி, முழங்கால் வலி உள்ளவர்கள் எந்தெந்த ஊரில் படகு, எந்த ஊரில் நேராக இறங்கலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள், அலை இருந்தால் சக்கர நாற்காலியைப் படகில் ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ளாமில் மலை ரயில், 20 கிலோமீட்டர் தூரத்தில் 866 மீட்டர் ஏறுகிறது, கப்பல் வரும் நாளில் சீட்டு தீர்ந்துவிடும், டர்பனிலிருந்தே எடுத்துவிடுங்கள். பெர்கனில் மலைமேல் போகும் இழுவை ரயில், மேலே பிள்ளைகள் ஓட இடம் இருக்கிறது, கீழே பழைய மரவீடுகள் வரிசை. ஓலெசுண்ட் 1904இல் தீயில் எரிந்து மறுபடி ஒரே பாணியில் கட்டிய ஊர், 418 படி ஏறினால் முழுதும் தெரியும், பிள்ளைகள் ஏறட்டும், பெரியவர்களுக்கு ஊருக்குள் சுற்றும் குட்டி ரயில் போதும். நார்த் கேப் 307 மீட்டர் உயரப் பாறை, உச்சியில் இரும்பு உலக உருண்டை. அதுதான் ஐரோப்பாவின் வடகோடி என்பார்கள், உண்மையில் பக்கத்து முனை ஒன்று இன்னும் கொஞ்சம் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பலத்த காற்று, சிறு பிள்ளையின் கையை விடாதீர்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா விலை அதிகம், வெளியே எடுத்தால் பாதியில் முடியும். ஆனால் கப்பல் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போய்த் தாமதமானால் போய்விடும். கரைக்குப் பக்கத்தில் என்றால் சொந்தமாக, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் என்றால் கப்பலோடு. நாங்கள் இப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

செலவில் விளம்பரத்தில் சொல்லாதது: ஆளுக்குத் தினமும் சேவைக் கட்டணம், குளிர்பானம், இணையம், சுற்றுலா எல்லாம் தனி. நார்வேயில் ரொக்கம் மாற்றவே வேண்டாம், கழிவறைக்குக்கூட அட்டைதான், குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும், பாட்டிலை நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். ஐரோப்பா முழுவதற்குமான இ-சிம் நார்வேயிலும் வேலை செய்யும். கப்பல் கரையை விட்டு விலகியதும் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள், பிள்ளைகளுடையதையும் நீங்களே வாங்கிப் பாருங்கள். கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வலையில் தானாக இணைந்துகொண்டால் வரும் பில் ரொம்பப் பெரியது.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம், உங்கள் கூடுமிடம் எது என்று பிள்ளைகளையும் சொல்லச் சொல்லுங்கள், பெரியவரை அழைத்துப் போவது யார் என்று முடிவு செய்யுங்கள். லிஃப்ட் அந்த நேரத்தில் ஓடாது என்று நினைத்தே படியில் ஒரு தடவை அத்தையோடு நடந்து பார்த்தோம், நாலு மாடிக்கு ஆறு நிமிஷம் ஆனது.

இறங்கும் நாளுக்கு முந்தின இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் போடும் துணி, பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர் இவற்றை முதலில் எடுத்துவைத்துவிட்டு அப்புறம் பூட்டுங்கள். விமானத்தை மதியம் இரண்டுக்கு முன்னால் எடுக்காதீர்கள், கப்பல் எல்பே ஆற்றில் பல மணி நேரம் உள்ளே வந்துதான் ஹாம்பர்க் சேர வேண்டும், மூடுபனி இருந்தால் தாமதமாகும். ஜாக்கெட்டைப் பெட்டியில் திணிக்க வேண்டாம், கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், டர்பனில் இறங்கும்போது ஜூலை ராத்திரிக்கு அதில் ஓர் அடுக்கு தேவைப்படும்.